ஓடுவது எது, நிற்பது எது

புனேயின் லட்சுமி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை, முதல் மாடி. வீட்டார் பைத்தானிப் புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஜன்னலோர நாற்காலியும் ஒரு கப் டீயும் கிடைத்தன. கீழே ஸ்கூட்டரும் பைக்கும் தெருவை அடைத்திருந்தன. இந்த ஊர்க்காரர்கள் எதிர்வீட்டுக்குப் போவதென்றாலும் வண்டியை எடுப்பார்கள். மேலிருந்து பார்க்கையில் எது நிறுத்திவைத்த வண்டி, எது நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டி என்று பிரிக்க முடியவில்லை. செல்போனில் ஒரு படம் எடுத்தேன். ஐந்து விநாடி கழித்து, கையை அசைக்காமல் இன்னொன்று. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்ததும் தெரு தெளிந்துவிட்டது. ஓரத்தில் இருந்தவை அப்படியே இருந்தன. நடுவில் ஒரு பட்டை மட்டும் மாறியிருந்தது. போக்குவரத்து அதுதான்.

அதே வாரம் எனக்குக் கண்ணில் ஓர் ஆஞ்சியோ எடுத்திருந்தார்கள். ஊசி கிடையாது, டை கிடையாது. முகவாயைத் தாங்கியில் வைத்து, உள்ளே தெரிந்த நீலக் குறியைச் சில விநாடி இமைக்காமல் பார்த்தேன். "ஜாலா" என்றார் கருவியை இயக்கிய பெண். முடிந்தது என்று மராத்தியில் பொருள். திரையைத் திருப்பிக் காட்டினார். கருப்புப் பின்னணியில் வெள்ளை வலையாக என் விழித்திரையின் ரத்தக் குழாய்கள், மயிரிழையைவிட மெல்லியவைகூட ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. எதையும் உடம்புக்குள் ஏற்றாமல் ரத்தத்தை மட்டும் எப்படிப் பிரித்துப் படம் பிடித்தது என்று அன்று புரியவில்லை. ஜவுளிக்கடை ஜன்னலில் புரிந்தது.

ஓசிடி (OCT) ஆஞ்சியோகிராபி என்ற இந்த முறை செய்வது அதே வேலைதான். விழித்திரையில் ஒரே இடத்தை விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளியில் திரும்பத் திரும்ப வருடுகிறது. நரம்பு, திசு எல்லாம் அசையாமல் நிற்பவை, முதல் படத்திலும் இரண்டாம் படத்திலும் ஒன்றுபோல இருக்கும். சிவப்பணு ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டும் ஒளியின் எதிரொளிப்பு மாறும். மாறாததைக் கணினி கழித்துவிட்டால் மிஞ்சுவது ரத்தம் ஓடும் பாதை. ரத்தத்தை அது நேரடியாகப் பார்ப்பதில்லை. நகர்ச்சியைத்தான் பார்க்கிறது.

இதற்கு அடிப்படையான ஓசிடி 1991-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ முதலியோர் வெளியிட்டது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதி கண்ணுக்குள் போய்த் திரும்பும். மறுபாதி ஒரு கண்ணாடியில் பட்டுத் திரும்பும். இரண்டும் சந்திக்கும்போது அலைகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் உண்டாக்கும் கோலத்திலிருந்து, ஒளி எந்த ஆழத்திலிருந்து திரும்பியது என்று கணக்கிடலாம். மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு வரை ஆழம் பிரியும். அலைகளை மோதவிட்டு அளக்கும் இதே வித்தைக்குப் புனே வேறொரு விதத்தில் பேர்போனது. ஊருக்கு வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டரில், நாராயண்காவ் பக்கத்துக் கொடட் கிராமத்தில், 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்கள் வயல்களுக்கு நடுவே பரவி நிற்கின்றன. கோவிந்த் ஸ்வரூப் முன்னின்று உருவாக்கிய ராட்சத ரேடியோ தொலைநோக்கி அது. கோடானுகோடி மைல் தொலைவிலிருந்து வரும் அலைகளை அது இணைத்துப் பார்க்கிறது. கண் மருத்துவமனையில் மேசைமேல் இருக்கும் பெட்டி கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள விழித்திரைக்குள் அதையே செய்கிறது.

சர்க்கரை நோயில் கண்ணின் ரத்தக் குழாய்கள் கெடும் என்பது இன்று எல்லாருக்கும் தெரியும். அங்கே குழாய்தான் நோயாளி, அதனால் குழாயைப் படம் எடுப்பதில் வியப்பில்லை. நான் சொல்ல வந்தது குழாய் நோயாளியே அல்லாத ஒரு நோயைப் பற்றி. குழாய் அங்கே சாட்சி மட்டும்.

லீபர் பரம்பரைப் பார்வை நரம்பு நோய் என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் பதினைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண்பிள்ளைகளைத் தேடி வரும். வலி இருக்காது. ஒரு கண்ணில் நடுப்பார்வை மங்கும். எதிரே நிற்பவரின் தோளும் காதும் தெரியும், முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் திட்டு இருக்கும். நிறங்கள், முதலில் சிவப்பும் பச்சையும், வெளிறும். சில வாரங்களிலோ மாதங்களிலோ மற்றக் கண்ணும் அதே வழியில் போகும்.

இதில் கொடுமையான ஒரு கட்டம் உண்டு. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தால் கண்மணி ஓரளவு சரியாகவே சுருங்கும். விழித்திரையும் பல பேருக்குத் தொடக்கத்தில் சாதாரணமாகவே தெரியும். பரீட்சை நெருங்கும் வயது வேறு. பையன் நடிக்கிறான் என்று வீட்டில் முடிவு கட்டியிருப்பார்கள். கண்மணியைச் சுருக்கும் செய்தியைக் கொண்டுபோவது மெலனாப்சின் என்ற பொருளைத் தாங்கிய தனிவகை நரம்பு செல்கள் என்பதும், இந்த நோயில் அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன என்பதும் இந்த நூற்றாண்டில்தான் தெரிந்தது. அதற்கு முன் எத்தனை பிள்ளைகள் பொய்யர்களானார்களோ.

பிழை இருப்பது மைட்டோகாண்ட்ரியாவில். செல்லுக்கு ஆற்றல் சமைத்துப் போடும் அடுப்பு அது. அதற்கென்று தனியாக 16,569 எழுத்துகள் கொண்ட ஒரு குட்டி டிஎன்ஏ உண்டு. தாயின் கருமுட்டை வழியாக மட்டுமே அது பிள்ளைக்கு வரும். 1988-இல் டக்ளஸ் வாலஸ் குழு 11778-ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் ஒற்றை எழுத்துப் பிழை ஒரு மனித நோய்க்குக் காரணம் என்று தெரிந்தது அதுவே முதல்முறை. பிறகு 3460, 14484 என்ற இடங்களும் சேர்ந்தன. ஐரோப்பிய வழியினரில் ஏறக்குறைய 90 விழுக்காடு நோயாளிகளுக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம்.

தாய் தன் பிள்ளைகள் எல்லாருக்கும் இதைக் கொடுப்பாள். மகன் யாருக்கும் கொடுக்கமாட்டான். பெறுகிறவர்கள் எல்லாருக்கும் பார்வை போவதில்லை. ஆண்களில் பாதிப் பேருக்கு, பெண்களில் பத்தில் ஒருவருக்கு என்பது பழைய கணக்கு. அண்மைக் கணக்குகள் அதைவிடக் குறைவாகச் சொல்கின்றன. இதனால் குடும்ப வரைபடத்தில் நோய் ஒரு குறிப்பிட்ட வழியில் தாவுகிறது: தாய்மாமனிடமிருந்து மருமானுக்கு. மாமன் கொடுப்பதில்லை, பாட்டி கொடுத்தது இருவரிடமும் வெளிப்படுகிறது. ஆங்கிலத்தில் குடும்ப வரலாறு கேட்கும் டாக்டர் 'அங்கிள்' என்று கேட்டு, பிறகு எந்த அங்கிள் என்று துருவ வேண்டும். தமிழில் தாய்மாமன் என்று ஒரு சொல் போதும். மராத்தியிலும் மாமா என்றால் அம்மாவின் சகோதரன்தான். இந்த நோய்க்கென்றே செய்துவைத்தவைபோல இருக்கின்றன நம் உறவுமுறைச் சொற்கள்.

அப்படியானால் உடம்பு முழுதும் இருக்கும் பிழை கண்ணை மட்டும் ஏன் பிடிக்கிறது? அதுவும் நடுப்பார்வையை? விழித்திரையிலிருந்து மூளைக்கு ஏறக்குறைய பன்னிரண்டு லட்சம் நரம்பிழைகள் போகின்றன. உடம்பில் வேகமான நரம்பிழைகளுக்கெல்லாம் மையலின் என்ற கொழுப்புறை உண்டு. அது செய்தியைத் தாவித்தாவிப் போகவைத்து ஆற்றலை மிச்சப்படுத்தும். ஆனால் மையலின் ஒளியை மறைக்கும், விழித்திரையில் அதை வைக்க முடியாது. ஆகவே கண்ணுக்குள் இந்த இழைகள் உறையில்லாமல் ஓடி, பின்சுவரைத் தாண்டிய பிறகே போர்த்திக்கொள்கின்றன. உறையில்லாத நீளத்துக்கு ஆற்றல் செலவு அதிகம். நடுப்பார்வையைச் சுமக்கும் இழைகள் எல்லாவற்றிலும் மெல்லியவை. மெல்லிய இழையில் அடுப்பு வைக்க இடம் குறைவு. அடுப்பு சரியாக எரியாவிட்டால் முதலில் பட்டினி கிடப்பது அவைதான்.

இங்கேதான் ரத்தக் குழாய்கள் கதைக்குள் வருகின்றன. அதற்கு 1871-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு தியோடர் லீபர் என்ற ஜெர்மானியர் இந்த நோயைக் குடும்பம் குடும்பமாக விவரித்து எழுதினார். ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் படித்தவர். ஹெல்ம்ஹோல்ட்ஸ்தான் 1851-இல் உயிருள்ள மனிதனின் விழித்திரையைப் பார்க்கும் கருவியை உலகுக்குத் தந்தவர். லீபர் அதற்குப் பிறகு கார்ல் லுட்விக் என்ற உடலியலாளரிடம் சேர்ந்து கண்ணின் ரத்த ஓட்டத்தை ஆராய்ந்திருந்தார். ஒரு நரம்பு நோய்க்குப் பெயர் கொடுத்தவர் அடிப்படையில் ரத்தக் குழாய்க்காரர். அதே 1871-இல் அடால்ஃப் ஃபான் பேயர் என்ற வேதியியலாளர் ஃப்ளோரசின் என்ற சாயத்தைத் தயாரித்தார். நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும் சாயம். ஒரே ஆண்டில் நோயும் அதைப் பார்க்கும் மையும் பிறந்துவிட்டன. இரண்டும் சந்திக்க நூறாண்டு ஆயிற்று.

சாயத்தைக் கண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் இந்தியானாவில் இரண்டு மருத்துவ மாணவர்கள், ஹரால்ட் நோவோட்னியும் டேவிட் ஆல்விஸும். கை ரத்தக் குழாயில் ஃப்ளோரசினை ஏற்றி, அது விழித்திரைக் குழாய்களில் ஒளிர்ந்து ஓடுவதைப் படம் பிடித்தார்கள். முதலில் படமெடுத்தது ஆல்விஸின் கண்ணையே. கண் மருத்துவ இதழ் ஏற்காததால் அவர்கள் கட்டுரை 1961-இல் ரத்த ஓட்டத்துக்கான இதழ் ஒன்றில் வந்தது. இன்றுவரை புனேயிலும் சென்னையிலும் 'டை போட்டு ஆஞ்சியோ' என்று சொல்வது இதைத்தான். சிலருக்குக் குமட்டும், தோல் சில மணி நேரம் மஞ்சளிக்கும், சிறுநீர் நிறம் மாறும். அரிதாகக் கடுமையான ஒவ்வாமையும் வரும்.

1973-இல் லாட்டன் ஸ்மித், வில்லியம் ஹாய்ட், ஜான் சூசக் ஆகிய மூவர் லீபர் நோயாளிகளின் கண்ணில் மூன்று அடையாளங்களைச் சேர்த்துச் சொன்னார்கள். நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் வட்டத்தைச் சுற்றி நுண்குழாய்கள் புடைத்து நெளிந்திருக்கும். அதைச் சுற்றிய நரம்பிழை அடுக்கு வீங்கியதுபோல இருக்கும். ஆனால் டை ஏற்றிப் பார்த்தால் ஒரு துளிகூடக் கசியாது. மூன்றாவதுதான் முக்கியம். அழற்சியால் வந்த வீக்கமென்றால் குழாய்ச்சுவர் விட்டுக்கொடுத்துச் சாயம் கசியும். இங்கே குழாய் நெளிந்திருக்கிறது, உடையவில்லை. நரம்பு வீங்கியதுபோலத் தெரிகிறது, நீர் கோத்துக்கொள்ளவில்லை. நோய் குழாயில் இல்லை, அது வேறு எதையோ பார்த்து நெளிகிறது என்பதற்கு அதுவே முதல் சாட்சியம்.

பின்லாந்தின் ஈவா நிகோஸ்கெலைனன் இன்னொரு படி போனார். பார்வை கெடாத உறவினர்களின் கண்களைப் பார்த்தார். 1982-இல் வெளியான அந்த ஆய்வில், ஒன்றும் தெரியாமல் நடமாடிக்கொண்டிருந்த தாய்வழிச் சொந்தங்கள் சிலருக்கும் அதே நெளிந்த குழாய்கள் இருந்தன. கண் நன்றாக வாசிக்கிறது, குழாய் மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பேச்சைத்தான் ஓசிடி ஆஞ்சியோ இன்று எண்களாக்கித் தருகிறது. நரம்பு வட்டத்தைச் சுற்றி, இழைகளோடு இழையாக, நேர்க்கோட்டில் ஓடும் ஒருவகை நுண்குழாய்கள் உண்டு. வாய்க்காலை ஒட்டி ஓடும் வரப்புபோல ஒவ்வொரு நரம்புக் கற்றையையும் ஒட்டியே போகும். டை முறையில் இவை ஆழத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் அமுங்கிவிடும். ஓசிடி ஆழத்தை அடுக்கடுக்காகப் பிரிப்பதால், இந்த ஓர் அடுக்கை மட்டும் உரித்தெடுத்துப் பார்க்கலாம். படத்தில் எத்தனை விழுக்காடு இடத்தில் ரத்தம் ஓடுகிறது என்று கணக்கிட்டால் அது குழாய் அடர்த்தி.

லீபர் நோய்க்கு உலகில் பேர்பெற்ற இத்தாலியின் பொலோனியா குழு 2018-இல் நோயின் வெவ்வேறு கட்டங்களில் இந்த அடர்த்தியை அளந்து எழுதியது. காது பக்கமுள்ள பகுதியில், அதாவது நடுப்பார்வை இழைகள் நுழையும் பக்கத்தில், அடர்த்தி முதலில் குறைகிறது. பிறகு வட்டம் முழுதும் பரவுகிறது. இதில் வியப்பு, அந்தப் பக்கத்தில் நரம்பிழை அடுக்கு மெலிவதற்கு முன்பே குழாய் அடர்த்தி குறைந்துவிடுகிறது என்பது. விழித்திரையின் நரம்பு செல்கள் மெலிவதோடு அது ஒத்துப்போகிறது. இழையடுக்கை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். சாகப்போகும் இழைகள் முதலில் உப்பி நிற்கும், அடுக்கு தடிமனாகவே காட்டும். பஞ்சம் வந்த வீட்டில் பாத்திரங்கள் அடுக்கு குறையாமல் இருப்பதுபோல. ரத்தம் அப்படி நடிக்காது.

அப்படியானால் ரத்தம் குறைந்ததால் நரம்பு செத்ததா, நரம்பு சாய்வதால் ரத்தம் குறைந்ததா? வழக்கு முழுதும் தீரவில்லை. என் வாக்கு இரண்டாவதற்கே. விழித்திரை தன் தேவைக்கேற்ப ரத்தத்தை வரவழைத்துக்கொள்ளும் உறுப்பு. வேலை செய்ய ஆளில்லாத வயலுக்கு யாரும் மடை திறப்பதில்லை. இதே காட்சி இன்னொரு பரம்பரை நோயிலும் தெரிகிறது. ஓபிஏ1 என்ற மரபணு கெடுவதால் சிறுவயதிலேயே மெதுவாகப் பார்வை குறையும் நோய் அது. தாய், தந்தை இருவரில் யார் வழியாகவும் வரலாம். அங்கும் மைட்டோகாண்ட்ரியாதான் அடிபடுகிறது, அங்கும் குழாய் அடர்த்தி குறைகிறது. வேறு வேறு பிழை, ஒரே பட்டினி, ஒரே சாட்சி. ஆனால் தொடக்கத்தில் குழாய்கள் ஏன் புடைக்கின்றன என்பதற்கு இந்த விளக்கம் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கருவிக்கும் குருட்டுப் புள்ளிகள் உண்டு. லட்சுமி ரோட்டில் சிக்னலில் ஊர்ந்த பைக் ஒன்று என் இரண்டு படங்களிலும் ஒரே இடத்தில் இருந்தது. நிறுத்திவைத்தது என்றே நினைத்திருப்பேன். மிக மெதுவாக ஓடும் ரத்தத்தையும் இந்தக் கருவி அப்படித்தான் இல்லையென்று சொல்லிவிடும். நோயாளி கண்ணை அசைத்தால் படம் வெட்டுப்படும். நடுப்பார்வை போனவருக்கு அந்த நீலக் குறியே தெரியாது, எதை உற்றுப் பார்ப்பார்? எல்லாவற்றுக்கும் மேலாக, கசிவு என்பது இதற்குத் தெரியவே தெரியாது. 'கசியவில்லை' என்ற அந்த 1973 தீர்ப்பைச் சொல்ல இன்றும் 1871-இன் சாயம்தான் வரவேண்டும். இறுதி முடிவை ரத்தப் பரிசோதனையில் டிஎன்ஏ சொல்லும்.

அந்த டிஎன்ஏ விஷயத்தில் நம் நாடு ஐரோப்பியப் பாடப்புத்தகத்தை அப்படியே ஒப்புவிக்கவில்லை. மதுரை அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் பி. சுந்தரேசனும் உடனுழைத்தவர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இந்திய நோயாளிகளிடம் அந்த மூன்று பிழைகளும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தன. ஐதராபாத்தின் சிசிஎம்பி என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் கே. தங்கராஜ் குழு 2013-இல், 14484 பிழை கொண்ட இந்தியக் குடும்பங்கள் ஒரே தாய்வழியில் கிளைத்தவை அல்ல, வெவ்வேறு தாய்வழிகளைச் சேர்ந்தவை என்று காட்டியது. கனடாவின் கியூபெக்கில் நிலைமை நேரெதிர். அங்கே இதே பிழையை 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸிலிருந்து வந்து குடியேறிய ஒரே பெண்மணி வரை பின்தொடர்ந்திருக்கிறார்கள். ஆகவே இங்கே மூன்று இடங்களை மட்டும் சோதித்துவிட்டு 'லீபர் இல்லை' என்று எழுதிக்கொடுப்பது அவசரம். டிஎன்ஏ பதில் சொல்லத் தயங்கும் நாட்டில் குழாய்களின் சாட்சியத்துக்கு மதிப்பு கூடுகிறது.

சிகிச்சை? ஐடபினோன் என்ற மாத்திரைக்கு 2015-இல் ஐரோப்பா அனுமதி கொடுத்தது. சிலருக்குப் பயன் தருகிறது. சரியான மரபணுவை வைரஸில் ஏற்றி ஒரு கண்ணில் செலுத்திய சோதனையில், ஊசி போடாத மறு கண்ணும் தேறியதாக 2020-இல் அறிவித்தார்கள். ஒப்பிடுவதற்காக வைத்திருந்த கண்ணே தேறினால் எதோடு ஒப்பிடுவது என்று ஆய்வாளர்கள் திகைத்தார்கள். 14484 காரர்களில் கணிசமானோருக்குப் பார்வை ஓரளவு தானே திரும்புவதும் உண்டு. 11778 காரர்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு.

ஆனால் பார்வை போகுமுன் செய்யக்கூடியவை இரண்டு நம் கையில் இருக்கின்றன. முதலாவது புகை. பிழையைச் சுமக்கும் 402 பேரை ஆராய்ந்து 2009-இல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வில், புகைபிடித்த ஆண்களில் 93 விழுக்காட்டினருக்குப் பார்வை போயிருந்தது. அதிகக் குடியும் நல்லதல்ல.

இரண்டாவது நம் நாட்டில் கூடுதலாகக் கவனிக்கவேண்டியது. காசநோய்க்கு நாம் கொடுக்கும் கூட்டு மருந்தில் எத்தாம்புட்டால் உண்டு. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளில் ஒன்றாக, அடுத்த நான்கு மாதம் மூன்றில் ஒன்றாக. லட்சக்கணக்கானோரைப் பிழைக்கவைக்கும் மருந்து. சிலருக்கு மட்டும் அது பார்வை நரம்பைப் பாதிக்கும், அதே மைட்டோகாண்ட்ரியா வழியாக, அதே நடுப்பார்வையை. லீபர் பிழை உள்ளவருக்கு அது ஏற்கெனவே சாய்ந்த சுவரில் கை வைப்பதுபோல.

வீட்டில் விசாரியுங்கள். தாய்மாமனுக்கோ, அம்மாவைப் பெற்ற பாட்டியின் சகோதரனுக்கோ இளவயதில் இரண்டு கண்ணும் அடுத்தடுத்து மங்கியதாகப் பேச்சு இருந்தால், காசநோய் மாத்திரை தொடங்கும் அன்றே டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிடும் நாட்களில் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் செய்தித்தாள் படித்துப் பாருங்கள். எழுத்து மங்கினாலோ சிவப்பு வெளிறினாலோ மறுநாளே கண் டாக்டரிடம் போங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.